அமாவாசையன்று குறையும் ஈடுபாடு

திறமையான ஊழியர்கள் ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது எப்படி என்று யோசிக்க, மங்களவளம் வீட்டுக்கடன் நிறுவனம் ஏழு பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தது. முதல் கூட்டம் கூடுவதற்குள் அந்த ஏழில் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டார்கள். மீதி ஐவர் கிண்டி தலைமை அலுவலகத்தில் கூடி, முந்திரி பக்கோடா சாப்பிட்டு, ஊழியர்கள் ஏன் போகிறார்கள் என்பதை ஊழியர்களிடம் கேட்காமலே கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றை வாங்குவதென்று ஏகமனதாக முடிவெடுத்தார்கள்.

மென்பொருளின் பெயர் ‘நாடி’. ஒவ்வொருவருடைய மடிக்கணினிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு, மவுஸ் நகர்கிறதா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். நகர்ந்தால் ஈடுபாடு. நகராவிட்டால் ஈடுபாடு இல்லை. மாலையானதும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். நாடி ஜோதிடர்கூடக் கட்டைவிரல் ரேகையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் பலன் சொல்வார். இதற்கு அந்த மரியாதையும் தெரியாது.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் வீட்டிலிருந்தபடி வேலை பார்த்த ஏலவார்குழலிக்கு, ஜூன் முதல் வாரத்தில் முப்பத்தொன்று வந்தது.

அவளுடைய வேலை கடன் கோப்புகளைப் படிப்பது. யாரோ ஒருவர் வீடு வாங்கக் கடன் கேட்பார். சம்பளச் சீட்டு, வில்லங்கச் சான்று, வீட்டின் புகைப்படம் எல்லாம் வரும். குழலி அவற்றை அச்செடுத்து மேஜைமேல் பரப்பி, சிவப்புப் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வெறித்துப் பார்ப்பாள். எட்டு வருடமாக இப்படி வெறித்துப் பார்த்தே கம்பெனிக்கு வரவிருந்த பல பொய்யர்களை வாசலோடு அனுப்பியிருந்தாள். வெறித்துப் பார்க்கிறவளின் மவுஸ் எதற்கு நகரும்?

வாரத்தில் திங்களும் செவ்வாயும் அவள் கிண்டிக்குப் போவாள். அந்த இரண்டு நாளும் உட்கார நாற்காலி தேடி, நாற்காலி கிடைத்ததற்கான படிவத்தைக் கணினியில் நிரப்பி, யாரோ ஒருவருடைய பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டுத் திரும்புவாள். அந்த நாட்களில் மதிப்பெண் எழுபதுக்குக் குறையவில்லை.

அவளுடைய குழுத் தலைவர் பிரேம்நாத் தொலைபேசியில் அழைத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருப்பதைத் தவிர வேறெந்த அதிகாரமும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

“குழலி, வீட்டு நாள்ல அறுபதுக்குக் கீழ இருந்தா, அடுத்த மாசத்துலேருந்து அஞ்சு நாளும் ஆபீஸ் வரணுமாம். என் கையில ஒண்ணும் இல்லம்மா.”

“சார், போன மாசம் டீம்லயே அதிக ஃபைல் முடிச்சது நான்தான்.”

“தெரியும்மா. அது நாடியில வராதே.”

“நாடியில வேற என்னதான் சார் வரும்?”

பிரேம்நாத் கொஞ்ச நேரம் யோசித்தார். “மவுஸ் வரும்” என்றார்.

அஞ்சு நாளும் கிண்டி என்றால், விடியற்காலை ரயிலைப் பிடித்து, வாலாஜாபாத்தில் ஏறும் கூட்டத்தின் முழங்கைகளை விலாவில் வாங்கிக்கொண்டு போய், இரவு ஒன்பதுக்குத் திரும்ப வேண்டும். யு.கே.ஜி. படிக்கும் மகள் அபியைத் தூங்கும்போதுதான் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் பார்ப்பதையே குழலி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவந்தாள். ஐந்து நாளென்றால் வேலையை விட வேண்டியதுதான். வேலையோ அவளுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்கிறவர்களைக் காகிதத்தில் பிடிப்பதில் ஒரு ருசி இருக்கிறது; பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் ஜெயம்மாள் விவரத்தைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“அத்தி வரதர் நாப்பது வருஷத்துக்கு ஒருவாட்டிதான் வெளிய வராரு. வந்தாக்கா ஊரே லைன் கட்டி நிக்குது. ஏன் டெய்லி வரலேன்னு அவரை எவனாச்சும் கேட்டானா?”

“அவருக்கு டீம் லீடர் இல்ல அத்தை.”

கூடத்தில் தறியில் உட்கார்ந்திருந்த கணவன் சிவபாலன் நெய்வதை நிறுத்தவில்லை. அவன் பிறந்ததிலிருந்து வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவன். அதற்கு இதுவரை யாரும் ஆங்கிலத்தில் பெயர் வைக்கவில்லை. தை மாதம் வரைக்கும் கல்யாணப் புடவைகளுக்கு ஆர்டர் இருந்தது. புடவை முதலாளி வாரம் ஒருமுறை வந்து எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பார், காபி குடிப்பார், போய்விடுவார். சிவபாலனுடைய கை ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஆடுகிறது என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. படிப்பு குறைவு.

“இன்னா குழலி, மூஞ்சி தொங்கிக்கினு இருக்குது?”

“மவுஸ் நகரலையாம்.”

“நகரணும். அவ்ளோதானே? எதுக்கு நகருதுன்னு கேக்குமா அது?”

“கேக்காது.”

“அப்ப குடு இப்டி.”

தறியில் ஒவ்வோர் இழையையும் அடித்து நெருக்குவதற்கு முன்னும் பின்னுமாக ஊஞ்சல்போல் ஆடும் பலகை ஒன்று உண்டு. சிவபாலன் அதன் அருகே ஒரு முக்காலியைப் போட்டு, மேலே பழைய காலண்டர் அட்டையை வைத்து, அதன்மேல் கம்பியில்லாத அந்த மவுஸை வைத்தான். ஒரு பக்கம் பட்டு நூலால் பலகையோடு கட்டினான். மறுபக்கம் ரப்பர் பேண்டால் முக்காலியின் காலோடு இழுத்து மாட்டினான். பலகை போனால் மவுஸும் போயிற்று. பலகை வந்தால் மவுஸும் வந்தது.

“இது மோசடி இல்லியா?” என்றாள் குழலி. மோசடியைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள் கேட்க வேண்டிய கேள்விதான்.

“நீ வேலை செய்றியா இல்லியா?”

“செய்றேன்.”

“நானும் செய்துக்கினுதான் இருக்கேன். வூட்ல எவனும் சும்மா குந்திக்கினு இல்ல. இதுல மோசடி எங்க வந்துது?”

குழலி அந்த வாதத்தைச் சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை சுற்றிவந்து பார்த்தாள். ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அல்லது அகப்படக் கூடாது என்று அவள் பார்த்திருக்கலாம். தன்னுடைய வேலைக்கு மடிக்கணினியின் தொடுபலகையே போதும் என்று மவுஸைத் தறிக்குத் தத்துக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலை நாடி தொண்ணூற்றாறு என்றது.

அதன்பிறகு அது இறங்கவேயில்லை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால், நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு பள்ளம், மூன்றரை மணி டீக்கு ஒரு சின்னப் பள்ளம். மற்றபடி கோடு சீராக ஓடியது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்க நெருங்க, புடவையைச் சீக்கிரம் கேட்டுப் பெண் வீட்டார் போன்மேல் போன் போட்டதில், மதிப்பெண் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. மின்தடை வந்தாலும் குறையவில்லை. கைத்தறிக்கு மின்சாரம் எதற்கு?

கிண்டியில் மனிதவளத் துறையின் தலைவி சுகாசினி, அந்தக் கோட்டைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார். மொத்தக் கம்பெனியின் சராசரி ஐம்பத்து நாலாக இருக்கையில், வெளியூர் ஒன்றில் வீட்டிலிருக்கும் ஒரு பெண் இப்படி மூச்சுவிடாமல் உழைக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் நாடியை வாங்கிய தொலைநோக்கு அல்லாமல் வேறென்ன? இயக்குநர் குழுவுக்குப் போன அறிக்கையில் குழலியின் கோடு பதினான்காம் பக்கத்தை முழுதாகப் பிடித்துக்கொண்டது. பதினைந்தாம் பக்கத்தில் சுகாசினிக்குப் பதவி உயர்வு வந்தது.

இதெல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு விஷயத்தைத்தான் யாரும் யோசிக்கவில்லை. அமாவாசையன்று தறி ஓடாது.

ஏன் ஓடாது என்று நெசவாளர்களைக் கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஓடாது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. அன்றைக்கு சிவபாலன் குளித்து, பட்டை அடித்து, பூசணிக்காய் சாம்பாரோடு சாப்பிட்டுவிட்டு, குறட்டை விட்டுத் தூங்குவான். முக்காலியின்மேல் மவுஸும் தூங்கும். வீடு அவ்வளவு நிசப்தமாக மாதத்தில் வேறெந்த நாளும் இருக்காது என்பதால், குழலி சிக்கலான கோப்புகளையெல்லாம் அந்த நாளுக்கென்று ஒதுக்கி வைப்பாள்.

ஆடி அமாவாசையன்று அப்படித்தான் பதினொரு கோப்புகளைத் தரையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொரு பேர், பதினொரு ஊர், பதினொரு வீடு. மத்தியானம் வரைக்கும் ஒன்றும் புலப்படவில்லை. அப்புறம்தான் கவனித்தாள்: பதினொரு புகைப்படங்களிலும் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. செவலை நிறம், இடது காது கிழிந்தது. தென்னேரியிலும் அதே நாய், திண்டிவனத்திலும் அதே நாய். வீடு ஒன்றுதான், சுவருக்கு மட்டும் விதவிதமாகச் சாயம் அடித்துப் படம் எடுத்திருக்கிறார்கள். நாய்க்குச் சாயம் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை.

மூன்று கோடி ரூபாய் கடன் அன்று நின்றது. அன்று மாலை நாடி அவளுக்குப் போட்ட மதிப்பெண் இருபத்தொன்பது.

மாதத்தில் ஒரு நாள்தானே என்று அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, ‘தங்கல் நேர்காணல்’ என்ற தலைப்பில் காணொலி அழைப்பு வந்தது. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் ஏன் போகிறீர்கள் என்று கேட்பது பழைய முறை. போகாதவரைக் கூப்பிட்டு ஏன் போகப்போகிறீர்கள் என்று கேட்பதுதான் இப்போதைய முறை. திரையில் சுகாசினியும் பிரேம்நாத்தும் தெரிந்தார்கள். சுகாசினி புன்னகைத்தார்.

“ஏலவார்குழலி, உங்களை நாங்க குடும்பத்துல ஒருத்தரா நினைக்கிறோம்.”

அந்த வாக்கியத்துக்குப் பிறகு ஒரு நல்ல சேதி வந்ததாகக் குழலி கேள்விப்பட்டதே இல்லை.

“வீட்டு நாள்ல எப்பவும் தொண்ணூத்தேழு எடுக்கறவங்க, திடீர்னு ஒரு நாள் இருபத்தொன்பது. அப்புறம் பழையபடி தொண்ணூத்தேழு. ஒரு தடவைன்னா பரவாயில்ல. மூணு தடவை.” சுகாசினி காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “ஜூன் இருபத்தஞ்சு, புதன். ஜூலை இருபத்துநாலு, வியாழன். ஆகஸ்ட் இருபத்திரண்டு, வெள்ளி. எங்க டேட்டா டீம் பேட்டர்னைப் பிடிச்சிட்டாங்க. யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதுன்னு ஒவ்வொரு தடவையும் ஒரு கிழமை தள்ளிப் போறீங்க.”

“எங்க மேடம் போறேன்?”

“அதைத்தான் நாங்க கேக்கறோம். எந்தக் கம்பெனி இன்டர்வியூ?”

“சொல்லிடு குழலி” என்றார் பிரேம்நாத் பரிதாபமாக. “யாரும் தப்பா நினைக்க மாட்டோம்.”

குழலி வாயைத் திறப்பதற்குள், பின்னால் சுவரோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜெயம்மாள் எழுந்து வந்து கேமராவுக்குள் முகத்தை நுழைத்தாள்.

“இன்னாம்மா தேதி சொன்னே? எல்லாம் அமாவாசைம்மா அது! ஜூலையில வந்துது பாரு, அது ஆடி அமாவாசை. அன்னிக்கு எங்க வூட்ல எம்புள்ள...”

“அத்தை, கீரை” என்றாள் குழலி.

ஆனால் சுகாசினியின் முகம் அதற்குள் வெளிறிவிட்டது. கம்பெனியில் மத உணர்வுகளை மதிப்பது பற்றி நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கொள்கை உண்டு. அதை எழுதியவர் அவர்தான்.

“ஐயோ, விரதமா? சாரி, ரொம்ப சாரிம்மா. பட்டினி கிடந்தும் இருபத்தொன்பது எடுத்திருக்கீங்க, அதுவே பெரிசு. இனிமே அந்த நாள்ல நீங்க லீவு போட்டுடலாமே? எப்படியும் அன்னிக்கு உங்ககிட்ட வேலை ஒண்ணும் நடக்கலையே.”

அதோடு தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். மாதம் ஒரு நாள் விடுமுறையும் கிடைத்திருக்கும். ஆனால் ‘வேலை ஒண்ணும் நடக்கலையே’ என்ற சொல் குழலியின் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்தி நின்றது.

“மேடம், ஜூலை இருபத்துநாலுதான் நான் அந்த நாயைப் புடிச்சேன்.”

“எந்த நாய்?”

“பதினோரு ஃபைல். மூணு கோடி. நீங்க மெயில்லகூட யாருக்கோ பாராட்டு போட்டீங்களே.”

சுகாசினி திரும்பவும் காகிதத்தைப் பார்த்தார். “ஆனா அன்னிக்கு உங்க ஈடுபாடு இருபத்தொன்பதுதானேம்மா?” என்றார், தப்பாகக் கூட்டிய குழந்தைக்குச் சொல்லித்தருகிற குரலில்.

குழலி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். தறியின் எதிரே நின்று கேமராவைத் திருப்பினாள்.

சிவபாலன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை கேட்டபடி நெய்துகொண்டிருந்தான். திரையில் இரண்டு முகங்களைப் பார்த்ததும் மரியாதையாகத் தலையை அசைத்தான். கை நிற்கவில்லை. பலகை ஆடிற்று. நூல் இழுத்தது, ரப்பர் பேண்ட் திரும்பி இழுத்தது. முக்காலியின்மேல் மவுஸ் போயிற்று, வந்தது, போயிற்று. மடிக்கணினியின் மூலையில் நாடி, ‘அபாரம்! இதுவரை தொண்ணூற்றெட்டு!’ என்று பச்சை விளக்கைக் காட்டியது.

“இதான் மேடம் உங்க தொண்ணூத்தேழு. மீதி நாள் ஈடுபாடு இவருது. அமாவாசையில மட்டும் என்னுது.”

சுகாசினியின் கண்கள் மவுஸோடு போய்ப் போய் வந்தன. அந்தக் கண்களுக்குள் பதினான்காம் பக்கமும், அதைத் தொடர்ந்து பதினைந்தாம் பக்கமும் புரண்டு கிழிவதை அறுபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே பார்க்க முடிந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்க கேமரா கிளியரா இல்ல.”

“கிளியராத்தான் இருக்குது மேடம்.”

“இல்ல. இங்க ஒண்ணுமே தெரியல. பிரேம், உங்களுக்கு ஏதாவது தெரியுதா?”

பிரேம்நாத் முக்காலியைப் பார்த்தார், ரப்பர் பேண்டைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார். தன் வீட்டுக்கடனில் பாக்கியிருந்த பதினாறு வருடத்தையும் பார்த்திருப்பார்.

“நெட் பிராப்ளம் மேடம்” என்றார்.

அழைப்பு துண்டானது. சிவபாலன் காதிலிருந்து கருவியை எடுத்தான்.

“இன்னாவாம்?”

“தெரியலையாம்.”

“நல்லா பாக்கச் சொல்றதுதானே? அந்தம்மா நல்லாத்தானே முழிச்சிக்கினு இருந்துச்சு.”

வேலை போய்விட்டது என்றுதான் குழலி நினைத்தாள். அன்று மாலை அபியைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது, வேலை போனதை எந்த முகத்தோடு சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். ஆனால் வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தில் வேலை போயிருக்கவில்லை. அதைவிட மோசமானது நடந்திருந்தது. பதவி உயர்வு.

வீட்டிலும் அலுவலகத்திலும் மாறி மாறி வேலை செய்யும் முறைக்கு அவள் கண்கண்ட சாட்சியாக விளங்குவதால், நிறுவனம் அவளை அம்முறையின் ‘தூதராக’ நியமிக்கிறது. இழக்கக் கூடாத திறமைசாலிகளின் பட்டியலில் அவளுக்கு முதலிடம். தூதரின் பணி, வீட்டிலிருந்து ஈடுபாட்டோடு வேலை செய்வது எப்படி என்று மற்ற ஊழியர்களுக்கு நேரில் கற்றுக்கொடுப்பது. வகுப்புகள் கிண்டி அலுவலகத்தில். திங்கள் முதல் வெள்ளி வரை. முதற்கட்டமாக ஒரு வருடம். விடியற்காலை ரயிலுக்கான பயணப்படி பின்னர் பரிசீலிக்கப்படும்.

குழலி கடிதத்தை இரண்டாம் முறை படித்தாள். “என்னைத் தக்க வைக்கிறதுக்காக என்னை இங்கேருந்து தூக்குறாங்க” என்றாள்.

“பொண்ணு புடிச்சிருக்குது, ஆனா மாப்ள வேணாம்னு சொல்றாப்ல இருக்குது” என்றாள் ஜெயம்மாள்.

கடிதத்தோடு நான்கு இணைப்புகள் இருந்தன. முதல் மூன்றும் வாழ்த்து அட்டைகள். நான்காவது, தக்கவைப்புக் குழுவுக்குள் மட்டும் சுற்ற வேண்டிய ஆவணம். பிரேம்நாத் அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிட்டார் போலிருக்கிறது. ‘ஏலவார்குழலி வெளியேறும் அபாயம்: ஓர் ஆய்வு’ என்பது அதன் தலைப்பு. இருபத்தாறு பக்கம். அவளைக் கொத்திக்கொண்டு போகக்கூடிய ஐந்து நிறுவனங்கள், ஒவ்வொன்றும் அவளுக்குக் கொடுக்கக்கூடிய சம்பளம், அங்கே ஆளெடுப்பவரின் பெயர், மின்னஞ்சல், எல்லாம் அட்டவணை போட்டுத் தெளிவாக இருந்தது. இரண்டாவது நிறுவனத்துக்கு எதிரே ‘முழுக்க வீட்டிலிருந்தே, கண்காணிப்பு மென்பொருள் கிடையாது, மிகவும் ஆபத்து’ என்று சிவப்பில் எழுதியிருந்தார்கள்.

இதற்கு முன் வேறு வேலை தேட வேண்டுமென்று குழலிக்குத் தோன்றியதில்லை. தேடுவது எங்கிருந்து தொடங்கும் என்றுகூடத் தெரியாது. அவ்வளவு சிரமத்தையும் அவளுக்குப் பதிலாகக் கம்பெனியே பட்டு முடித்திருந்தது. அவள் சிவப்புப் பேனாவை எடுத்து, அட்டவணையின் இரண்டாம் வரியை வட்டமிட்டாள்.

இரண்டு நேர்காணலும் காணொலியிலேயே நடந்தன. உங்கள் பலம் என்ன என்று கேட்டார்கள். அவள் நாயைப் பற்றிச் சொன்னாள். இடது காதா வலது காதா என்று கேட்டார்கள். அரை மணி நேரம் நாயைப் பற்றியே பேசிவிட்டு, எப்போது சேர்கிறீர்கள் என்றார்கள்.

ராஜினாமாக் கடிதம் போன பத்தாவது நிமிடம் பிரேம்நாத் அழைத்தார். குரல் உடைந்திருந்தது.

“என்னம்மா குழலி இப்படிப் பண்ணிட்டே? உன்னைத் தக்க வைக்கத்தானே நாங்க இத்தனையும் பண்ணோம்! பதினேழு மீட்டிங்மா, உனக்காக மட்டும்!”

“தெரியும் சார்.”

“யாரு உனக்கு அந்தக் கம்பெனியைக் காட்டிவிட்டது? அதைச் சொல்லு மொதல்ல. மேடம் கேக்கறாங்க.”

“நீங்கதான் சார் அனுப்புனீங்க. தூதர் லெட்டர்ல நாலாவது அட்டாச்மென்ட். ரொம்ப நல்லா தயார் பண்ணியிருந்தாங்க சார், டேட்டா டீமுக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க.”

மறுமுனையில் யாரோ கேக் வெட்டிக் கைதட்டும் சத்தம் கேட்டது. பிறகு நாற்காலி பின்னால் நகரும் ஓசை, காலடி, ஒரு கதவு சாத்தப்படும் ஓசை. கைதட்டல் நின்றுபோயிற்று.

“குழலி” என்றார் பிரேம்நாத், கிசுகிசுப்பாக. “அதை நான் படிச்சுக்கூடப் பாக்கல. அப்படியே அனுப்பிட்டேன். அந்தத் தறி விஷயம் வெளிய வரக்கூடாதுன்னு, உன் பேர்ல இருந்த மெயிலையெல்லாம் என் பெட்டியிலேருந்து மேடம் அழிச்சிட்டாங்கம்மா. எனக்கு அதை ஒரு தடவை அனுப்பி வைக்கிறியா?”

“இப்பவே அனுப்பறேன் சார்.”

“ஆபீஸ் ஐடிக்கு வேணாம்மா. என் சொந்த ஐடி சொல்றேன், எழுதிக்கோ.”